ஃபைலில் ‘நோ’, சர்வரில் ‘யெஸ்’: கிரெப் காட்டும் பதிலை எப்போது நம்பலாம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு ஐடி டீமில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஜூனியரிடம் ஒரு டிக்கெட் வருகிறது. ‘சர்வரில் பாஸ்வேர்டு லாகின் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்.’ கீ வைத்திருப்பவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும், பாஸ்வேர்டை ஊகித்து யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

ஜூனியர் டெர்மினலைத் திறக்கிறார். கான்ஃபிக் ஃபைலில் அந்த செட்டிங்கின் பெயரைத் தேடுகிறார். ஒரு வரி வருகிறது. எதிரே ‘நோ’. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டில் போட்டுவிட்டு, “அண்ணா, செக் பண்ணிட்டேன். ஆஃப்லதான் இருக்கு” என்கிறார்.

டீம் லீடு திரும்பிக் கேட்கிறார்: “நீ பாத்தது ஃபைலை. சர்வர்கிட்ட கேட்டியா?”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், சர்வர் பக்கம் வேலை பார்க்கும் யாருக்கும் இது அந்நியமாகத் தெரியாது. ஃபைலில் ‘நோ’ என்று எழுதியிருக்க, சர்வர் பாஸ்வேர்டு கேட்டு ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருப்பது நிஜமாகவே நடக்கக்கூடியது. கமாண்ட் லைன் டூல்களால் ஒரு வேல்யூவைத் தேடிப் பார்ப்பது வேறு, அந்த வேல்யூவை நம்பி முடிவெடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காமல் கமாண்டுகளை மட்டும் சொல்லிக்கொடுப்பதுதான் பிரச்னை.

அப்படி என்ன ஃபைல் அது?

போனில் செட்டிங்ஸ் என்றால் பட்டன்கள். லினக்ஸ் சர்வரில் செட்டிங்ஸ் என்பது பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். புரோகிராம் எந்த போர்ட்டில் ஓட வேண்டும், டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, யாரை உள்ளே விடலாம் என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். இடது பக்கம் பெயர், வலது பக்கம் வேல்யூ.

இதிலிருந்து வேண்டிய வேல்யூவை மட்டும் உருவி எடுக்க நான்கு டூல்கள் அடிக்கடி பயன்படுகின்றன. கேட்ட வார்த்தை இருக்கும் வரிகளை மட்டும் காட்டுவது கிரெப். ஒரு வரியைக் குறிப்பிட்ட குறியில் வெட்டித் துண்டாக்குவது கட். வரிக்குள் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது செட். துண்டுகளைப் பார்த்து ‘இப்படி இருந்தால் அதைக் கொடு’ என்று நிபந்தனை போட உதவுவது ஆக். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குக் கடத்த நடுவில் ‘|’ என்ற பைப் குறி.

இவை நேற்று வந்தவை இல்லை. கிரெப்பை 1973-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சன் உருவாக்கினார். ஆக் 1977-ல் வந்தது; அதை எழுதிய அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஐம்பது வருடங்களாக இவை நிலைத்திருக்கக் காரணம் இருக்கிறது. நடுராத்திரி ஒரு சர்வர் படுத்துவிட்டால், அதில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத நிலையிலும், இந்த டூல்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். ஆக, இவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு, இவற்றுக்கு எது தெரியாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

‘ஐடி’ கேட்டால் மூன்று பதில்

இன்றைய லினக்ஸ் மெஷின்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஈடிசி ஃபோல்டருக்குள் ‘ஓஎஸ்-ரிலீஸ்’ என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும். அது எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன் என்ற விவரங்களைச் சொல்லும் ஃபைல். உபுண்டு 22.04 மெஷினில் இதைத் திறந்து, ‘ஐடி’ என்ற பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா ‘ஐடி’ என்று கிரெப் போட்டால் ஒரு வரி வராது, மூன்று வரும். ஐடி ஒன்று, ‘வெர்ஷன்_ஐடி’ இன்னொன்று, ‘ஐடி_லைக்’ மூன்றாவது. கிரெப் மேல் தப்பில்லை. அந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும் காட்டு என்றுதான் அதனிடம் சொல்லப்பட்டது. ‘நேம்’ என்று தேடினால் நான்கு வரிகள் வரும்.

இதற்குத் தீர்வு சுலபம். தேடும் சொல்லுக்கு முன்னால் ‘^’ போட்டால் ‘வரியின் தொடக்கத்தில் இருந்தால் மட்டும்’ என்று பொருள். பின்னால் ‘=’ குறியையும் சேர்த்துவிட்டால் ஒரே ஒரு வரிதான் வரும். அடுத்து, ‘=’ குறியில் வெட்டி வலது பக்கத்தை எடுத்தால் ‘உபுண்டு’ என்று சுத்தமாகக் கிடைக்கும்.

வேலை முடிந்ததா? அதே கமாண்டை சென்ட்ஓஎஸ் 7 மெஷினில் ஓட்டினால், பதில் மேற்கோள் குறிகளோடு வரும். அங்கே அந்த வேல்யூவை மேற்கோளுக்குள் எழுதியிருக்கிறார்கள். ஃபார்மட் படி இரண்டும் சரி. ஆனால், ‘வேல்யூ இதுவாக இருந்தால் அந்த பேக்கேஜை இன்ஸ்டால் செய்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், மேற்கோள் குறி ஒட்டிக்கொண்ட வேல்யூ எதோடும் பொருந்தாது. எந்த எர்ரரும் காட்டாமல் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இன்னொரு பொறி வலது பக்கத்திலேயே இருக்கிறது. டேட்டாபேஸ் முகவரி போன்ற நீளமான வேல்யூக்களுக்குள்ளேயே ‘=’ வரும். ‘=’ குறியில் வெட்டி இரண்டாவது துண்டை மட்டும் எடுத்தால், முகவரி பாதியில் அறுந்துவிடும். கட் டூலிடம் ‘2’ என்று கேட்காமல் ‘2-’ என்று கேட்க வேண்டும். இரண்டாவது துண்டிலிருந்து கடைசி வரை கொடு என்று அர்த்தம். அந்த ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் போச்சு.

இதுவரை பார்த்தவை எல்லாம் எழுத்து அளவிலான தவறுகள். கவனமாக எழுதினால் சரிசெய்துவிடலாம். அடுத்து வருவது எவ்வளவு கவனமாக கிரெப் போட்டாலும் சிக்காதது.

எந்த வரி ஜெயிக்கும்?

முதலில் சொன்ன பாஸ்வேர்டு லாகின் கதைக்குத் திரும்பலாம். சர்வருக்குள் ரிமோட்டாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைக்கு ஒரு மெயின் கான்ஃபிக் ஃபைல் உண்டு. 2020-ல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.2 வெர்ஷனிலிருந்து, அந்த ஃபைலுக்குள் ‘இன்க்ளூட்’ என்று போட்டு வேறு ஃபைல்களையும் இழுத்துக்கொள்ள முடியும். உபுண்டுவில் மெயின் ஃபைலின் மேல் பகுதியிலேயே அந்த இன்க்ளூட் வரி இருக்கிறது. பக்கத்து ஃபோல்டர் ஒன்றில் உள்ள குட்டி ஃபைல்களை எல்லாம் முதலில் படித்துவிட்டு வா என்பது அதன் பொருள்.

இங்கேதான் சிக்கல். எஸ்எஸ்ஹெச் சர்வரைப் பொறுத்தவரை, ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் கண்ணில் பட்டதுதான் செல்லும். பிறகு வருவதை அது கண்டுகொள்ளாது. கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில், முதல்முறை ஆன் ஆகும்போது ‘கிளவுட்-இனிட்’ என்ற புரோகிராம் அந்தக் குட்டி ஃபோல்டரில் தன் பங்குக்கு ஒரு ஃபைலை வைத்துவிட்டுப் போவதுண்டு. அதில் பாஸ்வேர்டு லாகினுக்கு எதிரே ‘யெஸ்’ என்று இருந்தால், மெயின் ஃபைலில் ‘நோ’ என்று எழுதியது வெறும் அலங்காரம்தான்.

ஜூனியர் தேடியது மெயின் ஃபைலில். கிரெப் காட்டியது நூறு சதவீதம் உண்மை. அந்த ஃபைலில் அந்த வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால், ‘பாஸ்வேர்டு லாகின் ஆஃப் ஆகியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

சரி, எல்லா ஃபைல்களிலும் சேர்த்துத் தேடிவிட்டால்? அப்போது ‘யெஸ்’ ஒன்று, ‘நோ’ ஒன்று, கூடவே ‘#’ குறியோடு தொடங்கும் கமெண்ட் வரிகள் சில என்று வரும். எது ஜெயிக்கும் என்பது டெக்ஸ்டில் எழுதியிருக்காது. அது புரோகிராமின் விதி. அந்த விதியும் எல்லோருக்கும் ஒன்று இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கான்ஃபிக் ஃபைலில் ஒரே செட்டிங் இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்ததுதான் செல்லும். எஸ்எஸ்ஹெச்சுக்கு நேர் எதிர். அதற்கும் மேலே, போஸ்ட்கிரெஸில் எஸ்க்யூஎல் கமாண்ட் வழியாக மாற்றிய செட்டிங்குகள் ‘ஆட்டோ’ என்ற பெயர் கொண்ட தனி ஃபைலில் உட்காரும். மெயின் ஃபைலில் என்ன எழுதியிருந்தாலும் அதை அது மிஞ்சிவிடும்.

புரோகிராமிடமே கேட்கலாம்

நல்ல விஷயம், பெரும்பாலான சர்வர் புரோகிராம்கள் ‘நான் என்ன புரிந்துகொண்டேன்’ என்று தாங்களே சொல்லும். பலருக்கு இது தெரிவதில்லை.

எஸ்எஸ்ஹெச் சர்வர் புரோகிராமை ரூட் அனுமதியோடு கேப்பிட்டல் ‘டி’ ஆப்ஷன் போட்டு ஓட்டினால், இன்க்ளூட் ஃபைல்கள் எல்லாவற்றையும் படித்து, எந்த செட்டிங்குக்கு எந்த வேல்யூ என்று பட்டியல் போட்டுவிடும். அந்தப் பட்டியலில் கிரெப் போட்டுத் தேடினால், அது நம்பத்தக்க பதில். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்க வேண்டும்: இது இப்போது டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களின்படி வரும் பதில். ஃபைலை மாற்றிய பிறகு சேவையை ரீலோட் செய்யவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழைய செட்டிங்கோடுதான் இருக்கும்.

போஸ்ட்கிரெஸில் ‘ஷோ’ கமாண்ட் இருக்கிறது. ஃபைலில் மேக்ஸ் கனெக்‌ஷன் 200 என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால், ‘ஷோ’ பழைய எண்ணையே காட்டும். அதுதான் நிஜமான பதிலும்கூட, ஏனென்றால் அந்த செட்டிங் ரீஸ்டார்ட் ஆனால்தான் அமலுக்கு வரும். கிட்டில் ‘கான்ஃபிக்’ கமாண்டோடு ‘ஷோ-ஆரிஜின்’ ஆப்ஷன் சேர்த்தால், எந்த வேல்யூ எந்த ஃபைலிலிருந்து வந்தது என்றுகூட சொல்லும். என்ஜின்எக்ஸில் கேப்பிட்டல் ‘டி’ ஆப்ஷன் போட்டால், இன்க்ளூட் ஆன ஃபைல்கள் உட்பட முழு கான்ஃபிக்கையும் ஒரே இடத்தில் கொட்டிக் காட்டும்.

இங்கேயும் கிரெப், ஆக் எல்லாம் தேவைப்படும். நூற்றுக்கணக்கான வரிகளில் வேண்டிய ஒன்றை எடுக்க அவைதான் கை கொடுக்கும். மாறுவது ஒன்றே ஒன்று, தேடும் இடம்.

இன்னொரு ‘நோ’ கதை

புரோகிராமிடம் நேரடியாகக் கேட்கும் வசதி இல்லாத இடங்களும் உண்டு. அங்கே அடுத்த நல்ல வழி, அந்த ஃபார்மட்டைப் புரிந்துகொண்டு வாசிக்கும் பார்சர். ஜேசன் ஃபைல் என்றால் 2012-ல் ஸ்டீஃபன் டோலன் வெளியிட்ட ஜேக்யூ. டாமல் ஃபைல் என்றால் பைதான் 3.11-லிருந்து அதைப் படிக்கும் லைப்ரரி கூடவே வருகிறது.

பார்சர் எதற்கு, கிரெப் போதாதா என்று கேட்பவர்களுக்கு நார்வே ஒரு நல்ல உதாரணம். யாமல் ஃபைலில் நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீடுகளை மேற்கோள் இல்லாமல் எழுதும்போது, நார்வேயின் குறியீடு ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும். யாமல் 1.1 விதிப்படி அந்தச் சொல்லுக்கு ‘இல்லை’, அதாவது ‘ஃபால்ஸ்’ என்று பொருள். மற்ற நாடுகள் எல்லாம் எழுத்துகளாக உள்ளே போக, நார்வே மட்டும் ‘ஃபால்ஸ்’ ஆகிவிடும். 2009-ல் வந்த யாமல் 1.2 இதை மாற்றிவிட்டது. ஆனால், பைதானில் பரவலாகப் பயன்படும் பையாமல் லைப்ரரி இன்னமும் 1.1 விதியைத்தான் பின்பற்றுகிறது. கிரெப் போட்டுப் பார்ப்பவருக்கு நார்வே பத்திரமாக இருப்பது போலத்தான் தெரியும். புரோகிராமுக்குள் அந்த நாடே இருக்காது.

ஒன்றுமே வராவிட்டால்?

தவறான வேல்யூ வருவதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. எதுவுமே வராமல் இருப்பது.

2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் கேமிங் மென்பொருளில் ஒரு பிழை வெளியே வந்தது. அதன் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் ஃபோல்டரின் பாதையை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, பிறகு ‘அந்த ஃபோல்டர், ஒரு சாய்கோடு, அதற்குள் உள்ள எல்லாவற்றையும் அழி’ என்ற கமாண்டை ஓட்டியது. சில சமயம் பாதை கிடைக்காமல் வேரியபிள் காலியானது. காலிக்குப் பின்னால் சாய்கோடு வந்தால், லினக்ஸில் அது மொத்த சிஸ்டத்தின் வேர். பயனர்களின் சொந்த ஃபைல்கள் அழிந்துபோயின.

அது கான்ஃபிக் ஃபைலிலிருந்து எடுத்த வேல்யூ இல்லைதான். ஆனால், கான்ஃபிக்கிலிருந்து வேல்யூ எடுக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் இதே பள்ளம் இருக்கிறது. கிரெப் தேடியது கிடைக்காவிட்டால் ‘1’ என்ற எக்ஸிட் கோடு மூலம் தோல்வியைச் சொல்லும். ஆனால், பைப் போட்டு அதைக் கட் டூலுக்கு அனுப்பினால், கட் வெறும் காலியை வாங்கி, காலியைக் கொடுத்து, ‘எல்லாம் ஓகே’ என்று முடித்துவிடும். ஷெல் கடைசி ஆளின் பதிலைத்தான் கேட்கும். முதல் ஆளின் தோல்வி அங்கேயே புதைந்துவிடும்.

பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ ஆப்ஷனை ஆன் செய்தால் நடுவில் தோற்றதும் வெளியே தெரியும். வேரியபிளின் பெயருக்குப் பின்னால் ‘:?’ சேர்த்து எழுதினால், அது காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டுமே சின்ன வேலைதான். ஒரு ஃபோல்டரையோ டேட்டாபேஸையோ அழிக்கும் ஸ்கிரிப்டில் இவை இல்லை என்றால், அந்த ஸ்கிரிப்டை ரிவ்யூவில் தாண்டவிடக் கூடாது.

“ஏஐ கிட்ட கேட்டா ஒரு செகண்ட்ல வந்துடுமே!”

வரும். ஒரே வரியில் அழகான கமாண்ட் வரும். உதாரணமாகக் கொடுத்த நான்கு வரிகளுக்கு அது சரியாகவும் வேலை செய்யும். ஆனால், பக்கத்து ஃபோல்டரில் கிளவுட்-இனிட் வைத்த ஃபைல் சாட்பாட்டுக்குத் தெரியாது. அடுத்த மாதம் யாரோ மேற்கோள் குறி சேர்க்கப் போவதும் தெரியாது. தெரிந்து வைத்திருக்க வேண்டியது கமாண்டை ஒட்டுபவர்தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவசரத்தில் முழு கான்ஃபிக் ஃபைலையும் காப்பி செய்து சாட்டில் போடுவது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ என எல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கும். ஒரு வரி பற்றிய சந்தேகத்துக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி இது. ‘=’ குறியில் வெட்டி, முதல் துண்டை மட்டும் எடுத்தால் பெயர்கள் மட்டும் வரும், வேல்யூக்கள் வராது. கட் டூலுக்கு அது ஒரு நொடி வேலை. வெளியே அனுப்பும் முன் அதைச் செய்து, ரகசியம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் பார்சர், எல்லாவற்றுக்கும் புரோகிராம் என்று போனால் வேலை நகருமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு போர்ட் எண்ணைச் சும்மா ஒருமுறை பார்த்துக்கொள்ள கிரெப் போதும். அதற்கு பைதான் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருப்பது வீண். அந்த வேல்யூ தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அளவுகோல். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி பார்த்தால் சரியாகிவிடும் என்றால், கிரெப். ஒரு ஸ்கிரிப்ட் அதை வைத்து எதையாவது செய்யப் போகிறது என்றால், பார்சர். பாதுகாப்பு சரியாக இருக்கிறது என்று யாரோ கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பதில்.

இந்தக் கடைசி விஷயத்தைத் தனித்தனி ஆட்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது. செக்யூரிட்டி செக்லிஸ்ட்டில் ‘ஃபைலைப் பார்த்தாயிற்று’ என்ற டிக் இருக்கும்வரை, ஜூனியர்கள் ஃபைலைத்தான் பார்ப்பார்கள். அந்த வரியை ‘சர்வர் சொன்ன பதிலை இணைக்கவும்’ என்று மாற்றுவது டீம் லீடின் வேலை. பாஸ்வேர்டு லாகின் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். வெளியே இன்னொரு மெஷினிலிருந்து, கீ இல்லாமல், பாஸ்வேர்டு வழியாக மட்டும் உள்ளே நுழைய முயன்று பார்ப்பது. அனுமதி மறுக்கப்பட்டு, பாஸ்வேர்டு கேட்கும் இடமே வராவிட்டால் டிக்கெட்டை மூடலாம்.

அந்த ஜூனியரும் வெள்ளிக்கிழமை இரவே அதைச் செய்து பார்க்கலாம். பாஸ்வேர்டு கேட்டால், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை அது.